விளக்கைத் தாண்டி வரும் தண்ணீர்

எழில்மொழியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "அவ அப்படி என்ன சாதிச்சுட்டா?" என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்டார்கள். ஒன்றும் சாதிக்கவில்லை. தன் வீட்டுக் கொல்லையை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்கள் படிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பூதலூரை ஒட்டிய எங்கள் தெருவில் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள். எழிலின் அம்மா காத்தாயி நடவுக்கும் களைக்கும் போகாத பண்ணை இல்லை. அவளுக்கென்று இருந்தது குடியிருக்கும் மனையும் பின்னால் கொஞ்சம் கொல்லையும்தான். எழில் பன்னிரண்டாவது முடித்தும் இங்கே வேலை கிடைக்கவில்லை. கல்யாணமாகி, கணவன் முருகையன் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போக, அவளும் அங்கேயே ஒரு வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் போய்ச் சேர்ந்தாள். ஒரே ஊரில் இருந்தும் புருஷனும் பொண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்துக்கொள்வார்கள். அந்த வீட்டு அம்மா மொட்டை மாடியில் மண்ணே இல்லாமல், குழாயில் ஓடும் உரத்தண்ணீரில் கீரை வளர்த்தார். வளர்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வளர்த்தது எழில்.

முருகையன் அங்கேயே இருக்க, தான் மட்டும் ஊர் திரும்பியதும் கொல்லையில் பச்சை வலைப் பந்தல் போட்டாள். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களைப் படுக்க வைத்து லெட்டூஸ் கீரையும் பாலக்கும் நட்டாள். குழாயில் ஓடிய தண்ணீர் தொட்டிக்கு வந்து மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். தஞ்சாவூர் ஹோட்டல் ஒன்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. பெரிய நிலக்காரர் இளையபெருமாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மண் இல்லாதவர்கள் மண்ணில்லாமல்தான் விவசாயம் பண்ண வேண்டும் போலிருக்கிறது என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழில் அசரவில்லை.

"ஆமாங்க. மண்ண நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

ஆடியில் வாய்க்காலுக்குக் காவிரிப் புதுத்தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக வரும் அந்த முதல் தண்ணீரைக் கும்பிட்டு, பயிர் வைப்பவர்கள் தங்கள் வயலில் ஒரு குடம் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊற்றிக்கொள்ளச் சொந்த வயல் இல்லாமலே காத்தாயிக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. அந்த வருஷம் அவளும் ஒரு குடம் மொண்டு, மஞ்சள் தடவி, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து மகளின் தொட்டியில் ஊற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை.

சில நாட்களிலேயே இலைகள் துவண்டன. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. ஒரே தண்ணீர் எல்லாச் செடிக்கும் ஓடுவதால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. எழில் தொட்டியையும் குழாய்களையும் கழுவி மறுபடி நட்டாள். அதுவும் அழுகியது. பயிர் வாடுகிறதே என்ற பதைப்பில் காத்தாயி ஆடிப்பெருக்கன்று இன்னொரு குடம் ஊற்றியிருந்தாள். எழில் கேட்டபோது இரண்டு குடத்தையும் மறைக்காமல் சொன்னாள். வாய்க்கால் தண்ணீரோடு வந்த கிருமிதான் வேரை அழுக வைத்திருந்தது. எழில் அம்மாவைத் திட்டவில்லை. திட்ட மனசு வருமா?

முருகையன் போனில் பேசினான். இன்னொரு முறை அழுகினால் பந்தலைப் பிரித்துவிட்டுப் புறப்பட்டு வா, பழைய வீட்டிலேயே வேலை இருக்கிறது என்றான். கெட்ட எண்ணமில்லை, அங்கே தனியாகக் கிடப்பவன். எழில் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இனி அடுத்தவர் எச்சில் தட்டில் கை வைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

கும்பகோணம் போய், கேன் தண்ணீர் கம்பெனிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு யூவி விளக்கு வாங்கிவந்தாள். எவர்சில்வர் குழாய்க்குள் ஒரு கண்ணாடி உறை, உறைக்குள் புற ஊதாக் கதிர் வீசும் ட்யூப். உறையைச் சுற்றித் தண்ணீர் ஓடும்போது அதிலுள்ள கிருமி செத்துவிடும். ஊர் வாய்க்கு இது நல்ல அவல். காவிரித் தண்ணீரையே லைட்டடித்துச் சுத்தம் பண்ணுகிறாளாம், கொழுப்பைப் பார் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. அந்தக் கடை வாசலிலேயே இளையபெருமாள் அவளை நிறுத்தினார்.

"காவிரி உனக்கு அழுக்காப் போச்சா?"

"உங்க வீட்டுல கேன் தண்ணிதானே குடிக்கிறீங்க? அதுவும் இதே லைட்டத் தாண்டித்தாங்க வருது."

அதற்குப் பிறகு டீக்கடையில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நடவில் வேர் வெள்ளை வெளேரென்று இறங்கியது. ஆனால் கொழுந்து மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். விளக்கைக் கழற்றிப் பார்த்தால் கண்ணாடி உறைமேல் துருப்போல ஒரு படலம். உரத்தில் இருந்த இரும்புச்சத்தை அந்த வெளிச்சமே உடைத்து, பயிருக்கு எட்டாமல் படியவிட்டிருந்தது. விளக்கை அணைத்தால் அழுகல், அணைக்காவிட்டால் மஞ்சள். பந்தலுக்குள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவளை நானே பார்த்தேன். பேசாமல் சிங்கப்பூருக்கே போயேன் என்று தெருவில் புத்தி சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிட்டு, வேலையைப் பார்க்கப் போனாள்.

முதலில் வெறும் தண்ணீரை ஒரு பீப்பாயில் நிரப்பி விளக்கு வழியாக நன்றாகச் சுற்றவிட்டாள். கிருமி செத்த பிறகே அதில் உரம் கலந்தாள். உரத்தண்ணீர் ஓடும்போது விளக்கைத் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் எரியவிட்டு, குறைகிற இரும்பைத் தனியாகச் சேர்த்தாள். உறையை அடிக்கடி துடைத்தாள். அம்மாவிடம் இனி ஊற்றாதே என்று சொல்லவில்லை, ஊற்றுவதென்றால் இந்தப் பீப்பாயில் ஊற்று என்றாள். காத்தாயி பயந்துகொண்டே ஒரு குடம் ஊற்றினாள். புதுக் கொழுந்து பச்சையாகவே வந்தது. டிக்கெட் எதுவும் போடாதே, முடிந்தால் நீ கிளம்பி வா என்று எழில் முருகையனுக்குச் சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் தாளடி நெல் நடவு தொடங்கிய சமயம். இளவட்டமெல்லாம் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால் ஆள் கிடைக்காமல் இளையபெருமாளே நேரில் வந்து, வேலிப் படலுக்கு வெளியே நின்று காத்தாயியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரல் கேட்டால் சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியவள் அவள். ஈரக் கையோடு பந்தலிலிருந்து நிதானமாக வெளியே வந்தாள்.

"இன்னைக்கு வர முடியாதுங்க. எங்களுக்கு அறுப்பு."

அவர் பந்தலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சரி, நாளைக்காவது வா என்றார்.

"நாளைக்கு எங்க நடவுங்க" என்று சொல்லிவிட்டு, காத்தாயி உள்ளே போனாள்.