ஜான்சியில் வீசிய வத்தல்

எங்கள் வகையறாவில் யார் யாருக்கிடையில் பேச்சுவார்த்தை இல்லை, அது எந்தக் கல்யாணத்துப் பந்தியில் ஆரம்பித்தது என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். பாப்பம்மாளுக்கும் அவள் ஓரகத்தி ஆவுடையம்மாளுக்கும் ஆரம்பித்தது ரயிலில்.

பாப்பம்மாள் என் சின்னம்மா மகள். எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். நல்லசிவத்துக்கு வாக்கப்பட்டு தொண்ணூற்றிரண்டில் டில்லிக்கு வந்தாள். அவருக்கு மத்திய சர்க்காரில் கிளார்க் வேலை, சரோஜினி நகரில் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். அவருடைய அண்ணன் ரத்தினவேல் வெகுகாலம் முன்னாலேயே வந்து மோதி பாகில் இருந்தார். அந்த அண்ணன் பெண்டாட்டிதான் ஆவுடையம்மாள். என் வீட்டுக்காரருக்கும் சரோஜினி நகரில்தான் வீடு கொடுத்திருந்தார்கள். அதனால் நடந்ததில் பாதி நான் பார்த்தது, பாதி பாப்பம்மாள் சொல்லக் கேட்டது.

வந்த மறு வருஷம் கோடையில் பாப்பம்மாள் உண்டானாள். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. சப்பாத்தி சுடுகிற வாசனை அடுத்த வீட்டிலிருந்து வந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். சோறு இறங்கவில்லை, பழம் இறங்கவில்லை. மிதுக்கவத்தல் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

மிதுக்கு எங்கள் ஊரில் யாரும் விதைத்து வளர்ப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்ததும் பருத்திக்காட்டு ஓரத்தில் தானாகப் படரும் கொடி. கோலிக்குண்டு மாதிரிக் காய்க்கும், கசக்கும். அதைக் கீறி, உப்பும் மோரும் விட்டு ஊறவைத்து வெயிலில் காயப் போட்டால் வத்தல். எண்ணெயில் கறுக்கப் பொரித்து மோர்ச்சோற்றோடு கடித்தால் செத்த நாக்கும் எழுந்து உட்காரும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்கும், சின்ன வெங்காயம் கிடைக்கும், கறிவேப்பிலை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். மிதுக்கு என்று கேட்டால் கடைக்காரன் நம்மை மேலும் கீழும் பார்ப்பான்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மசக்கைக்காரி ஆசைப்பட்டது கிடைக்காமல் போனால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும். டாக்டர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்த நேரம் ஆவுடையம்மாள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். சின்னம்மாவுக்கு நாங்கள் சேதி சொல்லிவிட்டோம். சின்னம்மா தன்னுடைய பழைய சுங்கடிச் சேலையைக் கிழித்து, மஞ்சள் கரை வாயில் வரும்படி ஒரு பை தைத்து, வீட்டிலிருந்த வத்தல் அத்தனையையும் அதில் போட்டு, ஆவுடையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "தாயி, வயித்துப் புள்ளைக்காரி கேக்கா. அவ கையில சேத்திரு. இனிமே மழை விழுந்து காய் காய்ச்சாத்தான் அடுத்த வத்தல்."

ஆவுடையம்மாள் திரும்பி வந்த சேதி தெரிந்ததும் பாப்பம்மாள் வெயிலோடு மோதி பாகுக்கு ஓடினாள்.

"அத ஏங் கேக்கெ பாப்பம்மா! நாக்பூர்ல மழைன்னா மழை, பேய் மழை. ஜன்னல் வழியாச் சாரல் அடிச்சுப் பை சொதசொதன்னு ஆயிட்டு. ஜான்சி வந்து தொறந்து பாக்கேன், ஒரே பூசணம். வயித்துப் புள்ளைக்காரிக்குக் குடுக்கக் கூடாதேன்னு பையோட வெளிய வீசிட்டேன்."

நாக்பூரில் நனைந்த வத்தல் ஜான்சி வருவதற்குள் பூசணம் பிடித்துவிட்டதாம்! உப்பில் ஊறி, மாசி வெயிலில் காய்ந்து, வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிற சாமான். பாப்பம்மாள் அப்பாவி. "சரிக்கா, நீங்க என்ன செய்விய" என்று சொல்லிவிட்டு வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அதற்கு அடுத்த மாதம், ரத்தினவேலுக்கு மேலே இருந்த ஒரு தமிழ் அதிகாரியை மோதி பாக் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். பெரிய குவார்ட்டர்ஸுக்கு ரத்தினவேல் காத்துக்கொண்டிருந்த நேரம். ஒத்தாசைக்கு வா என்று பாப்பம்மாளைக் கூப்பிட்டாள் ஆவுடையம்மாள். அந்த மசக்கையிலும் இவள் போய் அம்மியில் அரைத்தாள், தேங்காய் துருவினாள், பாத்திரம் கழுவினாள். பந்தி நடக்கும்போது அடுப்படியில் ஒரு வாசனை எழுந்தது. பாப்பம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து எச்சில் ஊறியது. எட்டிப் பார்த்தாள். ஆவுடையம்மாள் வாணலியிலிருந்து அரித்து அரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். மிதுக்கவத்தல்.

கூடத்தில் அதிகாரி குரல் கேட்டது. "அடடா! இதெல்லாம் டில்லியில எப்படிம்மா உங்களுக்குக் கிடைக்குது?"

"எங்கம்மா அனுப்பிவிட்டாங்க சார். இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள் ஆவுடையம்மாள்.

பாப்பம்மாள் சாதப் பானையை இறக்குவதற்குப் பிடிதுணியைத் தேடினாள். மேடைமேல் ஒரு துணி கிடந்தது. எண்ணெயும் கரியும் அப்பியிருந்தது. கையில் எடுத்தால் மஞ்சள் கரை. அவள் அம்மா போட்ட தையல்.

கடைசியில் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது வத்தல் தட்டில் பொடிகூட இல்லை. ஆவுடையம்மாளின் மகள் சுபாஷிணிக்கு அப்போது பத்து வயசிருக்கும். அந்தப் பிள்ளை கடைசி வத்தலை வாயில் போட்டு நறநறவென்று கடித்துக்கொண்டே சித்தியைப் பார்த்துச் சிரித்தது. பாப்பம்மாள் அந்தத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

ரத்தினவேலுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் சின்னம்மா கைவத்தலில் கிடைத்த வீடு என்று அதை நான் சொல்வேன். புரட்டாசியில், அடுத்த மழை விழுவதற்கு முன்னால், சின்னம்மா செத்துப்போனாள். வயிற்றுப் பிள்ளையோடு இழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று பாப்பம்மாளை யாரும் அனுப்பவில்லை. பெற்றவள் முகத்தைப் பார்க்கவுமில்லை, அவள் கடைசியாகச் செய்ததைத் தின்னவுமில்லை.

பையன் பிறந்தான், ரமேஷ்குமார். ஆறேழு வயசு வரைக்கும் அவனுக்குக் காது வடிந்தது. சொட்டு மருந்து, ஆஸ்பத்திரி, பஞ்சு. ஒவ்வொரு தடவை பஞ்சைத் திரித்துக் காதைத் துடைக்கும்போதும் பாப்பம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பேரைச் சொல்வாள். நான் கேட்டிருக்கிறேன்.

"போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வா, இல்ல நான் போய்க் கேக்கேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"வேண்டாம்க்கா. இன்னைக்குக் கேட்டா இன்னைக்கே தீந்துரும். அவ ஒரு பொய் சொல்லுவா, ரத்தினவேல் அத்தான் சமாதானம் பேசுவாரு, நான் காப்பி போட்டுக் குடுத்து அனுப்பணும். எனக்கு அப்படித் தீர வேண்டாம்" என்றாள்.

பொங்கலுக்குப் போனாள், வந்தாள். அக்கா, அக்கா என்று சிரித்துப் பேசினாள். அந்தப் பையைத் துவைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் தன் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள்.

இதற்கு நடுவில் டில்லியிலேயே அவள் மிதுக்கைக் கண்டுபிடித்தாள். புரட்டாசி வாக்கில் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ராஜஸ்தான்காரி ஒருத்தி சாக்கை விரித்துக் காய்கறி விற்பாள். ஒரு ஓரத்தில் சின்னச் சின்னதாக, வரி ஓடின காய் குவிந்து கிடந்தது. "யே கியா ஹை?" என்று கேட்டாள். "கச்ரி, பஹன்ஜி" என்றாள் அவள். இவள் பிஞ்சாக ஒன்றை எடுத்துத் தெருவில் நின்றபடியே கடித்தாள். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர். காய்கறிக்காரி பயந்துபோனாள். பழுத்தது புளிக்கும், அதைத்தான் அந்த ஊர்க்காரர்கள் விரும்புவார்களாம். பாப்பம்மாள் பிஞ்சாகப் பொறுக்கி வாங்கி வந்து, கீறி, மோரில் ஊறப் போட்டு, மாடியில் காயவைத்தாள். பொரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள். மிதுக்கேதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். மிதுக்குக்குப் பெரியம்மா மகளோ சின்னம்மா மகளோ, ஏதோ ஒரு நெருங்கின சொந்தம். இன்னொன்று கொடு என்று கையை நீட்டினேன்.

"யக்கா, இது மட்டும் அவ காதுக்குப் போயிரக் கூடாது" என்றாள் பாப்பம்மாள். வருஷா வருஷம் போட்டாள். டப்பாவில் அடைத்து வைத்தாள்.

இரண்டாயிரத்து ஏழில் சுபாஷிணி உண்டானாள். மாப்பிள்ளைக்கு ஏர்போர்ட்டில் வேலை, துவாரகாவில் சொசைட்டி வீடு. ரத்தினவேல் ரிட்டையராகி, அவரும் ஆவுடையம்மாளும் மகளோடு போய் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வாயில் ஒன்றும் தங்கவில்லை. "அம்மா, சின்ன வயசுல நம்ம வீட்ல ஒரு தடவை பொரிச்சீங்களே, குட்டியா, கடுவா, கசப்பா! எனக்கு வஹி சாஹியே, அதேதான் வேணும்" என்று பிடித்துக்கொண்டாள். எத்தனையோ தின்று வளர்ந்த பிள்ளை, பதினாலு வருஷம் கழித்து அதைத்தான் கேட்டது. சாமி இல்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆவுடையம்மாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஊருக்குப் போன் போட்டாள். வந்தது சுண்டவத்தல், பெண் தட்டைத் தள்ளிவிட்டாள். பேரப்பிள்ளைக்குக் காது வடிந்துவிடுமோ என்று ஆவுடையம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. அந்த நேரம் பார்த்து நல்லசிவம், ஒளிவு மறைவு தெரியாத மனுஷன், அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டார்: "மிதுக்கவத்தலா? நம்ம வீட்ல டப்பா நெறைய இருக்கே!"

மறுநாளே ஆவுடையம்மாள் வந்து நின்றாள்.

"வாங்கக்கா. எதுல வந்திய?"

"பாதி மெட்ரோ, பாதி ஆட்டோ. பாப்பம்மா, புள்ள வாடி வதங்கிட்டா. ஒரு கை வத்தல் குடுத்தேன்னா கொண்டுபோயிருவேன்."

"குடுக்கதுக்கு என்னக்கா? ஆனா நீங்க மெட்ரோலல்லா போவிய?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ரயிலாச்சே. ரயில்ல கொண்டுபோனா வத்தல் கெட்டுப்போகும்லா."

ஆவுடையம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. பாப்பம்மாள் சிரித்துக்கொண்டே காப்பித் தம்ளரை நீட்டினாள். "புள்ளைய இங்க கூட்டியாங்க. ஞாயித்துக்கிழமை நானே பொரிச்சுப் போடுதேன். ஒரு வத்தல்கூட இந்த வாசலைத் தாண்டாது."

அன்றைக்கே எனக்குச் சொல்லி அனுப்பினாள், "யக்கா, ஞாயித்துக்கிழமை இங்கதான் சாப்பாடு" என்று. காது குத்துக்குப் போகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு நான் போனேன்.

சுபாஷிணியை நடுவில் உட்காரவைத்தாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஆவுடையம்மாள். மோர்ச்சோறு பிசைந்து பெண்ணின் தட்டில் வைத்து, வத்தலை அள்ளி அள்ளிப் போட்டாள். அந்தப் பெண் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

"சித்தி, யஹி தோ ஹை! இதேதான்! அம்மா, பாத்தீங்களா?"

"இத முன்ன எங்கம்மா தின்னே?" என்று பாப்பம்மாள் கேட்டாள். குரலில் அத்தனை சர்க்கரை.

"மோதி பாக் வீட்ல. அந்த ஆபீசர் அங்கிள் வந்தாரே, அப்போ. அம்மா ஊர்லேர்ந்து கொண்டு வந்தாங்க."

"ஊர்ல இருந்து டில்லி வரைக்குமா கொண்டு வந்தாங்க? ஜான்சியோட நின்னு போகலையா?"

பெண்ணுக்குப் புரியவில்லை. ஆவுடையம்மாள் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பம்மாள் எனக்கு வத்தல் வைத்தாள். ஆவுடையம்மாள் பக்கம் வந்ததும் வத்தல் தட்டைச் சாய்த்துக் காட்டினாள். பொடிகூட இல்லை. "அடடா, தீந்துபோச்சேக்கா. கடைசிப் பந்திக்கு எப்பவும் இப்படித்தான் ஆயிருது."

ஆவுடையம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "மிச்சம் கொஞ்சம் டப்பாவுல இருக்கும்லா? தினமும் அவளை இம்புட்டு தூரம் அலைய விடாண்டாம் பாப்பம்மா. ஒரு பையில போட்டுக் குடு."

"பையா? இருக்குக்கா. உங்களுக்குன்னே வச்சிருக்கேன்."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மடித்த பையைக் கொண்டு வந்து ஓரகத்தி மடியில் வைத்தாள். சுங்கடிச் சேலை, மஞ்சள் கரை, நடுவில் போகாத எண்ணெய்க் கறை. உள்ளே ஒன்றும் இல்லை.

"பூசணம் புடிச்சிட்டுக்கா. வீசிட்டேன்."

ஆவுடையம்மாள் அந்தப் பையைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. "என்னம்மா அது? எதுக்கு அழறீங்க?" என்று மகள் கேட்டாள். பாப்பம்மாள் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அம்மைகிட்டயே கேளு கண்ணு. துவாரகா போக நேரம் கெடக்குல்லா, வழி பூரா சொல்லுவாங்க."

சொன்னாளா, எப்படிச் சொன்னாள், எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மசக்கை தீருகிற வரைக்கும் சுபாஷிணி தனியாகவே ஆட்டோவில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். வளைகாப்பு அன்றைக்கு முதல் வளையலைச் சித்திதான் போட வேண்டும் என்று கையை நீட்டினாள். பெற்றவள் பின்னால் நின்றாள்.

மன்னிக்கிறது பெரிய மனசு என்று சொல்வார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய மனசைக் கடவுள் கொடுக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று துவாரகா வீடு நிறைய ஆட்கள். பாப்பம்மாள் நேராக ஆவுடையம்மாளிடம் போய், அவள் மடியிலிருந்து குழந்தையை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு காதைத் திருப்பிப் பார்த்தாள், மறு காதைத் திருப்பிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்குக்கா. ஒண்ணும் வடியல" என்று கூடமெல்லாம் கேட்கச் சொன்னாள்.

ஆவுடையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குழந்தை எந்த விசேஷத்தில் கண்ணில் பட்டாலும், அத்தனை பேர் நடுவில் பாப்பம்மாள் அதன் காதைத் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை.