நெருக்கி முளைத்த மிளகாய் நாற்று

இந்தோனேசியாவின் மாகெலாங் ஊரில் எங்கள் சந்தில் இருப்பவர்கள் வாகியெம்மைப் பார்ப்பது விடியலில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை. திரும்பி வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கணவர் தர்யோனோ மணல் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் கொஞ்சம் குழறும்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் மிளகாய் விதைக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வலது கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் கையாலேயே தூவப் போய், விதைப் பொட்டலம் முழுவதும் ஒரே நாற்றுத்தட்டில் கொட்டிவிட்டது. மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்.

முளைத்ததும் தெரிந்துவிட்டது. விரல் நுழைய இடமில்லாமல், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, வெளிறிப்போன நாற்று. பக்கத்து வீட்டு லாஸ்மி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தண்ணி ஊத்தாதீங்கக்கா, எண்ணெய் தடவிச் சீப்பால வாருங்க," என்றாள். வாகியெம் சிரிக்கவில்லை. இவ்வளவையும் பிரித்து நட யாருக்கு நேரம், கத்தரிக்கோலால் பாதியை வெட்டிப் போட்டுவிடுகிறேன் என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, "உங்க கையில குடுத்த எது உருப்பட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். கோபத்தில் கேட்டதுகூட இல்லை. அசதியில் வாயில் வந்தது.

அவர் அன்று இரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவள் வந்தபோது தர்யோனோ கொல்லையில் கொய்யா மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, சத்தே இறைச்சி சுடும் குச்சியால் வேர்ப் பின்னலைக் கிளறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தண்டு ஒடிந்த நாற்றுகள். முழுசாக வந்தவை ஒரு கைப்பிடி தேறாது.

வாகியெம் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். எழுந்து போய் முகம் கழுவத் தெம்பில்லை என்று பின்னால் லாஸ்மியிடம் சொன்னாளாம்.

"தண்டைப் பிடிக்காதீங்க மாஸ், நசுங்கிடும். இலையைப் பிடிங்க," என்றாள். கணவரை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"இலை... கிழியுது."

"கிழிஞ்சா வேற இலை வரும். தண்டு போனா போனதுதான்."

அவள் வாழையிலையைக் கிழித்துச் சுருட்டி, ஈர்க்கு குத்திச் சின்னக் குவளைகள் செய்தாள். அவர் இடது கையால் மண் அள்ளிப் போட்டார். வலது கை குவளை சாயாமல் அணைத்துக்கொண்டது. அதற்கு அவ்வளவுதான் முடிந்தது. குழி போட்டு, வேர் மடங்காமல் இறக்கி, மெல்ல அழுத்தினாள். நடுவில் அவள் கண் சொருகித் தலை தொங்கியது. அவர் எழுப்பவில்லை. ஒரு நாற்றை வேர் அறாமல் பிரித்து அவள் மடியில் வைத்தார். விழித்ததும் அதைப் பார்த்தாள்.

"நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

"நெசந்தானே, யெம்," என்றார் அவர். "இதையும் நட்டுட்டுப் போய்ப் படு."

அடுத்த வாரம் வெயில் கொளுத்தியது. பாதிக்கு மேல் துவண்டு செத்தன. நிழலில் இருந்தவை பிழைத்தன. அவள் படுக்கப் போன பிறகு அவர் நட்டதில் சில கோணலாகத்தான் நின்றன. காய்த்தபோது வீட்டுக்கு வேண்டியது போக மிஞ்சியதை லாஸ்மிக்கும் எனக்கும் கொடுத்தார்கள். தர்யோனோவின் கை அதற்கு மேல் தேறவில்லை. வாகியெம் இன்னும் விரிப்புதான் துவைக்கிறாள். வேலை விட்டு வந்ததும் நேரே கொல்லைக்குப் போய், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறாள்.