ஓசெல்லா பெரியம்மா ஷூ போட்டுப் பார்த்த சனிக்கிழமை

ஓசெல்லா டப்ஸ் என் அம்மாவின் அக்கா. அமெரிக்காவின் அலபாமாவில், எங்கள் பெல்க்ரீக் ஊர் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போட்டவள். இடது பாதம் வலதைவிடப் பெரியது. புது ஷூ வாங்கினால் முதல் வேலையாக, சுண்டுவிரல் இடிக்கும் இடத்தில் பிளேடால் ஓட்டை போடுவாள்.

வேறு வழியில்லை. ஹார்கின்ஸ் கடையில் கறுப்பர்கள் ஷூவைக் காலில் மாட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டிலேயே பாதத்தைச் சுற்றிக் காகிதத்தில் கோடு இழுத்து, வெட்டி எடுத்துப் போக வேண்டும். வாங்கியதைத் திருப்பித் தரவும் முடியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இந்தத் தடை எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று நூலகத்தில் தேடினேன். பள்ளிக்கூடத்துக்கு, பேருந்துக்கு, ரயில் பெட்டிக்கு எல்லாம் சட்டம் இருந்தது. ஷூவுக்கு இல்லை. அந்தச் சட்டங்கள் தந்த தைரியத்தில் கடைக்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி அது. எழுதப்படாததை எந்த நீதிமன்றத்தில் போய் ரத்து செய்வது?

1963இல், ஈஸ்டருக்கு முன்பு, கடைத்தெருவைப் புறக்கணிப்பதென்று எங்கள் மக்கள் தேவாலயத்தில் கூடி முடிவெடுத்தார்கள். கோரிக்கைகளை எழுதும்போது பெரியம்மா எழுந்தாள்.

"பாஸ்டர், ஷூவைப் போட்டுப் பாத்து வாங்கணும். அதையும் எழுதுங்க."

"சிஸ்டர், ஓட்டுரிமைக்கே இன்னும் வழியக் காணோம்."

"ஓட்டுப் போட நடந்துதானே போகணும்?"

கூட்டம் சிரித்தது. பாஸ்டர் எழுதிக்கொண்டார்.

அந்த ஈஸ்டருக்கு யாரும் புதுத்துணி உடுத்தவில்லை. கோடை முழுக்கக் கடைகள் ஈயோட்டின. வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று சலவைக்கூட முதலாளி பெரியம்மாவை மிரட்டினார். "நிறுத்துங்க சார். நாளையிலிருந்து உங்க சட்டைக்குக் கஞ்சி போட ஆள் பாத்துக்குங்க" என்றாள். அவர் நிறுத்தவில்லை.

செப்டம்பரில் கடைக்காரர்கள் பணிந்தார்கள். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்களா என்று யாருக்கும் நம்பிக்கையில்லை. அந்த வாரச் சனிக்கிழமை, எங்கள் பெண்கள் எதிர்ச்சாரியில் நின்று பார்த்திருக்க, பெரியம்மா ஹார்கின்ஸ் கடைக்குள் நுழைந்தாள். நானும் கூடப் போனேன். அவள் முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பின்னாடி வா, ஓசெல்லா. காகிதம் கொண்டாந்திருக்கியா?" என்றான் விற்பனைப் பையன்.

"காலைக் கொண்டாந்திருக்கேன், தம்பி."

பையன் முதலாளியைப் பார்த்தான். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பெரியம்மா அசையவில்லை. ஹார்கின்ஸ் கடைசியில் சரியென்று தலையை ஆட்டினார்.

பையன் அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு பாதங்களையும் அளந்தான். கறுப்பு, பழுப்பு, குதிகால் வைத்தது என்று ஒவ்வொன்றாக மாட்டிவிட்டான். ஒவ்வொன்றிலும் அவள் கண்ணாடிவரை நடந்து திரும்பினாள். தரையெல்லாம் பெட்டிகள்.

"இது கச்சிதமா இருக்குங்களே" என்றான் பையன். அவன் வாயில் 'ங்க' வந்துவிட்டது.

"இருக்கு. யோசிச்சுட்டு வர்றேன்."

பழைய ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கடைசி ஜோடி பிடிச்சிருந்துச்சில்ல, பெரியம்மா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏன் வாங்கல?"

"அந்தக் கடையில வேணாம்னு சொல்ல இன்னைக்குத்தாண்டி முடிஞ்சுது. அதை ஒரு வாரம் அனுபவிச்சுக்கறேன்."

எதிர்ச்சாரியில் நின்றவர்களைக் கைகாட்டி அழைத்தாள்.

"போங்கடி, எல்லாரும் போங்க. அவசரப்படாதீங்க. இருக்கறதெல்லாம் போட்டுப் பாருங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போதவில்லை.