கொள்ளிக்கு எடுத்துவைத்த லீவு

முதலில் செருப்புத்தான் இறுகியது. வெயிலில் தோல் சுருங்கிவிட்டது என்று செருப்பைத் திட்டினேன். பிறகு எங்கள் அனலைதீவு இறங்குதுறையில் படகேறவே மூச்சு வாங்கியது. கால்கள் வீங்கியிருந்ததை அன்றுதான் குனிந்து பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் பார்த்த வைத்தியர் இளம் பெண். இதயச் செயலிழப்பு (இதயம் இரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் சோர்ந்துபோவது) என்றார்.

"ஐயா, இது முற்றாச் சுகமாகிற வருத்தமில்லை. மருந்தோட கொஞ்சக் காலம் ஓட்டலாம். கடைசி நேரத்தில என்ன செய்யவேணும் எண்டு வீட்டில கதைச்சனீங்களோ?"

வீட்டில் யாரோடு கதைப்பது? மனைவி போய்விட்டாள். ஒரே மகன் குகன் கனடாவில். நானும் நான் சாய்ந்திருக்கும் கதிரையும்தான்.

என்னைப்போன்ற நோயாளிகளுக்குச் சொல்கிறேன். பிள்ளையிடம் சாவைப் பற்றிக் கதைப்பது, அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் குளிசையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவதைவிடச் சிரமம். நான் வாயெடுத்தாலே, "அப்பா, உந்தக் கதையை விடுங்கோ. சாப்பிட்டாச்சோ?" என்பான். போனை வைத்தால் வீடு இன்னும் வெறுமையாகிவிடும்.

ஒருநாள் நான் விடவில்லை.

"குழாய் போட்டு, மெஷினில மூச்சு விட வைச்சு என்னை இழுத்தடிக்கக் கூடாது. கேக்கிறியோ மோனை?"

"ஓம் அப்பா." அழுதான். பிறகு சொன்னான்: "நான் லீவு சேர்த்து வைச்சிருக்கிறன். ஏதும் எண்டால் உடன வந்து கொள்ளி வைப்பன்."

இத்தனை காலம் அவன் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. என் செத்தவீட்டுக்காக லீவை மிச்சம் பிடித்திருக்கிறான்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கொள்ளியைச் சித்தப்பான்ரை மகன் வைக்கட்டும். அவன் ஊரிலதானே இருக்கிறான். நீ அந்த லீவில இப்ப வா. செத்தாப்பிறகு நீ வந்தது எனக்குத் தெரியப்போகுதே?"

வந்தான். உப்பில்லாத மீன்குழம்பை என்னோடிருந்து முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். என் வீங்கிய காலை விரலால் அழுத்தி, விழுந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாள்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

போகும் அன்று இறங்குதுறைவரை அவனோடு போனேன். மறுபடி வர அவனுக்கு லீவில்லை. நானே கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் படகு திரும்பியபோது நெஞ்சு தாங்கவில்லை.

முன்பெல்லாம் அவன் வருவான் என்று நாள்கள் நகர்ந்தன. இனி அப்படி எதுவுமில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். அவன் அழுத்திய இடத்தை நானே அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அது நிரம்பும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.