அப்பா முடித்துக் கொடுத்த தோடி

அப்பா பிடில் வித்வான். எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்தது. பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்தாலும், தியாகராய நகரில் இருந்த ஒரு பாடகருக்கு வாசிப்பதைத்தான் அப்பா தன் வாழ்க்கையாக நினைத்திருந்தார். இளவயதில் இருவரும் ஒரே அறையில் தங்கிக் காலம் தள்ளியவர்கள். அப்பா அவரை அண்ணா என்பார். நான் பெரியப்பா என்பேன். எந்தக் கச்சேரி முடிந்தாலும் இருவருக்கும் சண்டைதான்.

“நீ என்னை விரட்டறேடா.”

“நீங்க ஓடறேள், நான் என்ன பண்ணட்டும்?”

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவுக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்தது. மிளகுப்பாலுக்கும் பனங்கற்கண்டுக்கும் அது அசையவில்லை. பாடக் கூடாதென்று டாக்டர் சொல்லியும் அந்த மார்கழிக் கச்சேரியை அவர் விடவில்லை.

“ஜனங்க எனக்காக வந்து உக்காந்திருப்பாடா” என்றார் அப்பாவிடம்.

நான் அம்மாவோடு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் சில பாட்டுகள் எப்படியோ நகர்ந்தன. பிறகு தோடி ராகத்தை எடுத்தார். கீழே சஞ்சரித்தவரை அது பழைய குரல்தான். மெல்ல மெல்ல ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொடப்போன இடத்தில் உடைந்தது. வாய் திறந்திருந்தது, காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுத்தார். அந்த ஸ்வரத்தில் நின்று, பெரியப்பா எப்போதும் போகும் வழியாகவே போய், அவருடைய ராகப் பிடிகளாகவே வாசித்து ராகத்தை முடித்துக் கொடுத்தார். கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். அப்பாவுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, தட்டாதேங்கோளேன், தட்டாதேங்கோளேன்” என்று முணுமுணுத்தாள்.

பெரியப்பா சிரித்தபடி இருந்தார். சின்னதாக ஒன்றைப் பாடி மங்களம் சொல்லிவிட்டார். வழக்கமாக அவருடைய காரில்தான் அப்பாவும் ஏறுவார். அன்று அப்பா பிடில் பெட்டியோடு வாசலுக்கு வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

“இன்னா சாமி, காரு போய்க்கினு கீது, நீ இங்கியே நிக்கிறியே?” என்றார் ரிக்‌ஷாக்காரர். அப்பா ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் தி.நகருக்குப் போனவரைப் பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி, “தூங்கறார்” என்றாள். அடுத்த வாரமும் தூங்கினார். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் தூங்கினார்.

“நான் சும்மா உக்காந்திருக்கணுமோ?” என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

“நீங்க அவர் மானத்தைக் காப்பாத்தினேள்.”

“அப்புறம் ஏன் என்னைப் பாக்க மாட்டேங்கறார்?”



பெரியப்பாவை அடையாறில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா ஓடினார். அங்கேயும் பார்க்க விடவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியப்பா போய்விட்டார்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அப்பா அருகே போகாமல் கதவோரம் நின்றார். பெரியம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“உங்க மேல கோவம்னு நெனச்சுண்டேளா? கோவமே இல்லை. நீங்க வாசல்ல பேசறச்சே, உள்ளே கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுண்டிருப்பார். ‘அவனைப் பாத்தா அழுதுடுவேன்டீ. நான் பாடவேண்டியதை அவன் பாடிட்டான், அதுவும் என்னைவிட நன்னா. எந்த மூஞ்சியை வச்சுண்டு அவனைப் பாக்கறது?’ன்னு கம்மின குரல்ல சொல்வார்.”

“ஒரே ஒரு தடவை கதவைத் திறந்திருக்கலாமே, மன்னி” என்றார் அப்பா. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வீடு நடக்க வேண்டுமே, அப்பா மற்றவர்களுக்குத் தொடர்ந்து வாசித்தார். தனிக்கச்சேரிக்கு யார் கூப்பிட்டாலும் மறுத்துவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து, பெரியப்பாவின் பழைய கச்சேரி ஒன்றை ரேடியோவில் போட்டார்கள். அதில் பிடில் வாசித்திருந்தவர் அப்பா. பக்கத்து வீட்டு மாமிகூட வந்து உட்கார்ந்துவிட்டாள். நடுவே, பிடில் ஒரு பிடியைத் திருப்பிச் சொன்னதும், பெரியப்பாவின் குரல் பாட்டை விட்டுவிட்டு, “ஆஹா, பேஷ்டா!” என்றது.

அப்பா ரேடியோவை அணைக்கவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கச்சேரி முடிந்து செய்திகள் வாசிக்கத் தொடங்கிய பிறகும் அவர் இறைத்துக்கொண்டேயிருந்தார்.