மதினி எழுதிய பதில்

“தெரியாத ஆளு கேட்டா ஸ்கூல் பேரு சொல்லக் கூடாதுன்னு சொல்லுத. அத்தை மட்டும் சொல்லலாமாம்மா?”

கேட்டவள் என் ஒன்பது வயது மகள். பள்ளிக் கூட்டத்தில் சொன்ன பாதுகாப்பு விதிகளை எல்லாம் அவளைப் பாடம்போல ஒப்பிக்க வைத்தவள் நான்.

இந்தச் சீசனில் நானும் மகளும் கணவரின் அக்காவான மதினியும் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் குளிக்கும் பக்கம் என்பதால் யாருக்கும் கூச்சமில்லை. ஈரப் பாவாடை உடம்போடு ஒட்டியிருக்க, மகள் தண்ணீருக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தாள். மதினி போனில் வீடியோ எடுத்தார். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அவருக்கு அனுப்பத்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதை மதினி தன் இணையப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டிருக்கிறார். மகள் பள்ளி வேனிலிருந்து அழுதுகொண்டே இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. “அருவி ராணி வந்தாச்சு, தள்ளி உக்காருங்க, நனைஞ்சிருவீய” என்று வேனில் கேலி செய்தார்களாம்.

தேடிப் பார்த்தேன். வீடியோவின் கீழே, முகப் படத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைத்த ஒருவன், “பாப்பா யார் வீட்டுப் பிள்ளை? எங்க படிக்கு?” என்று கேட்டிருந்தான். எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இதைக் கேட்டுப் பதில் சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். மதினியும் மரியாதையாக எழுதியிருந்தார். தம்பி மகள், தம்பி பார்டரில் இருக்கிறான், இன்ன பள்ளி, இன்ன தெரு. கடைசியில் கைகூப்பும் படம். மகளும் என் தோள் வழியே அதைப் படித்துவிட்டாள்.

போன் போட்டேன்.

“மதினி, அதை மொதல்ல எடுங்க.”

“எதுக்கு? ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது. ஒனக்கு மட்டும் ஏன் எரியுது?”

“ஆம்பள இல்லாத வீடுன்னு தெருவோட எழுதி வச்சிருக்கீங்க.”

“ஏட்டி, நாலு எழுத்து படிச்சிட்டா நாங்கல்லாம் மடச்சியா? அவ என் தம்பி மவ. எனக்கில்லாத உரிமை ஒனக்கு எங்கன இருந்து வந்துச்சு?”

“பெத்ததுல இருந்து வந்துச்சு.”

போனை வைத்துவிட்டார். “அக்காட்ட நீ எதுக்கு நேரா பேசுத? நான் பக்குவமா சொல்லிருப்பேம்லா” என்று கணவர் போனில் என்னைத்தான் கடிந்துகொண்டார். அவர் சொன்னதும் மதினி அந்தப் பதிலை அழித்தார். வீடியோவை அழிக்கவில்லை. ரோஜாப்பூக்காரன் எதைக் குறித்துக்கொண்டான் என்று யாருக்குத் தெரியும்? வேன் வரும் நேரத்தில் தெருவில் எந்த பைக் வேகம் குறைத்தாலும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ என்றும் தோன்றுகிறது.

இப்போது மதினி குத்துக்கல்வலசையில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ப்பு வருகிறது. தம்பி வீட்டுச் சீர் போயாக வேண்டும். மகள், “அங்கன எல்லாரும் வீடியோ எடுப்பாங்க, நான் வரல” என்கிறாள். “பிள்ளை வரலைன்னா அக்கா நம்ம வாசப்படி ஏற மாட்டா” என்கிறார் கணவர். கூட்டிப்போனால், வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று நான் சொல்லிக்கொடுத்தது பொய்யாகிவிடும். விட்டுவிட்டுப் போனால், சொந்தத்தை முறித்தவள் என்ற பெயர் எனக்கு. அது பரவாயில்லை. நாளை அதே பழியை மகள்மேலும் போடுவார்கள்.

இப்படிச் சிக்கிய தாய்மார்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போனீர்களா? வீடியோ எடுக்கப் போன் தூக்கியவர்களிடம் என்ன சொன்னீர்கள்? அறிவுரை நிறையக் கேட்டாயிற்று. பந்தியில் நாலு பேர் முன்னால் என் வாயால் சொல்ல முடிகிற ஒரு வாக்கியம் இருந்தால் அதை மட்டும் அனுப்புங்கள்.