அடையாறு வெள்ள முகாமில் ஒரு ராணுவ டாக்டர்

ராணுவ டாக்டர் வேலையில் ஒரே சுகம், நோயாளி எதிர்த்துப் பேச மாட்டான். நாக்கை நீட்டு என்றால் நீட்டுவான். அந்தச் சுகத்துக்குப் பழகிய என்னை, மழை வெள்ளத்தில் மீட்புப் படையோடு சொந்த ஊருக்கே அனுப்பிவைத்தார்கள். அடையாறில் ஒரு பள்ளிக்கூடம்தான் முகாம். ஊசியும் மருந்துமாகப் பிழைக்கும் என் இனத்தாரே, கேளுங்கள்.

மேடை வைத்தியம்

எனக்குக் கிடைத்த இடம் பள்ளிக்கூட மேடை. கீழே மொத்த முகாமும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஒருவர் என் காதருகே வந்து மூலம் என்று முனகினால், "காரத்த நிறுத்தச் சொல்லுங்க சார்" என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். பொறுக்க முடியாமல், கொடியில் காய்ந்த புடவை ஒன்றை எடுத்துக் குறுக்கே கட்டினேன். கொஞ்ச நேரம் வைத்தியம் மானத்தோடு நடந்தது. ஒரு பெரியவரை வேட்டியைத் தளர்த்திப் படுக்கவைத்த சமயம் பார்த்து, திரை சரேலென்று விலகியது. ஒரு அம்மாள் நின்றார்: "நைனா, புடவைய அவுத்துக் குடு, எனக்கு மாத்துப் புடவை இது ஒண்ணுதான் கீது."

குளோரின்

குளோரின் மாத்திரை போட்ட தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் அந்தத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குடிக்க, மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர். கோபத்தில் ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டேன். குடத்துக்காரர், கோபாலபுரத்தில் சமையல் வேலை செய்பவர், நிதானமாகச் சொன்னார்: "உங்க மாத்திரத் தண்ணில டீ போட்டா ஆஸ்பத்திரிய கலக்கிக் குடிக்கிற மாரி கீது சார், நீங்க ஒரு கிளாஸ் குடிச்சுப் பாருங்களேன்."

கன்னியம்மாவின் நெஞ்சுவலி

மீன் விற்கும் கன்னியம்மாவுக்கு நெஞ்சுவலி. ஈசிஜி எடுத்துப் பார்த்தேன். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. அவரோ தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்க ஆளு மாடியில குந்திக்கினு வூட்டக் காவல் காக்குறாரு. அவரு வராம நான் எங்கியும் வர மாட்டேன்." கெஞ்சினேன், மிரட்டினேன், அதட்டினேன். கொடுத்த மாத்திரையை மென்றாரே தவிர, தூணை விடவில்லை. வேறு வழியில்லாமல் கணவரைக் கூட்டிவர ஜவான்களைப் படகில் அனுப்பினேன். கன்னியம்மாவுக்குக் கை சில்லிட்டு வியர்த்துக் கொட்டியது. நாடியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லைப் பணியில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஒருவழியாகக் கணவர், தோளில் மிக்சியோடு ஓடிவந்தார். கன்னியம்மா தூணை விட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது கணவரிடம் அவர் சொன்னது: "கேஸ் அடுப்ப விட்டுட்டு மிக்சியத் தூக்கினு வந்துகீற, உன்ன நம்பி நான் சாவ முடியுமா?"

முகாம் கலைந்த அன்று என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். அதை வீட்டில் சொல்லவில்லை, மேலதிகாரியிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்வதாக இல்லை.